டர்பனில் ஞாயிறு சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே கேள்விக்கு ஒரே பதிலை வாட்ஸ்அப்பில் தட்டித் தட்டி என் கட்டைவிரல் தேய்ந்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். நாங்கள் பெரிய சங்கம் ஒன்றும் இல்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டோங்காட் பக்கம் நான்கைந்து தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பத்தார் பாதி. என்னைப் போல வேலைக்கென்று தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கேயே ஒட்டிக்கொண்டவர்கள் மீதி. ஞாயிற்றுக்கிழமை காலையில் சேர்ந்து சைக்கிள் விடுகிறோம், சாப்பிடுகிறோம், வீட்டுக்குப் போகிறோம்.

சைக்கிளைத் தொட்டே இருபது வருஷம் ஆகிறது. வரலாமா?

தாராளமாக. சின்ன வயதில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்களுக்கு அது மறக்காது. மறப்பது மூச்சுதான், அதுவும் நான்கு வாரத்தில் திரும்பிவிடும்.

எங்களிடம் ஒரே ஒரு கண்டிப்பான விதி: யாரையும் வழியில் விட்டுவிட்டு வருவதில்லை. இதற்காக 'வால்' என்று ஒரு வேலை வைத்திருக்கிறோம். வால் என்பவர் கடைசியில் வருகிறவருக்கும் பின்னால் வருவார். எவ்வளவு மெதுவாகப் போனாலும் அவரை முந்தக் கூடாது, 'சீக்கிரம்' என்று வாய் திறக்கவும் கூடாது. நன்றாக ஓட்டுகிறவர்கள் மாதம் ஒரு முறை இந்த வேலையைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

போன வருஷம் ஒரு தம்பி, கார்பன் சட்டம் போட்ட பந்தய சைக்கிளோடு புதிதாக வந்தார். கிளம்பிய பத்தாவது நிமிடமே கண்ணுக்குத் தெரியவில்லை. உம்ஹ்லாங்காவில் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே நாற்பது நிமிடம் தனியாக உட்கார்ந்திருந்தாராம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவரிடம் இருந்த தண்ணீர், பேரீச்சம்பழம் எல்லாம் காலி. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும்போது அவரே 'அண்ணா, இன்னைக்கு வால் நான்' என்றார். இப்போது அவரைவிட நல்ல வால் எங்களிடம் கிடையாது.

எந்த வகை சைக்கிள் வேண்டும்?

இரண்டு பிரேக்கும் பிடிக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

எத்தனை மணிக்கு, எங்கே?

ப்ளூ லகூன் கார் நிறுத்துமிடத்தில், உம்கேனி ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில். டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும், அதனால் ஐந்துக்கே கிளம்பிவிடுவோம். ஏழு மணியானால் வெயிலும் புழுக்கமும் சேர்ந்து சட்டையைப் பிழிய வைத்துவிடும். ஜூன், ஜூலையில் சூரியன் எழவே ஏழு ஆகிவிடும். அப்போது ஆறே முக்காலுக்குக் கூடுவோம்.

புதியவர்களுக்குக் கடற்கரை நடைபாதை. ஆற்றுமுகத்திலிருந்து உஷாகா கடல் பூங்கா வரைக்கும் மேடே இல்லாமல் போகலாம். ஓடுகிறவர்கள், நாய் கூட்டி வருகிறவர்கள், தூண்டில்காரர்கள் எல்லோருக்கும் சொந்தமான இடம் அது, மணியடித்து விரட்டக் கூடாது. பழகினவர்கள் எம்4 சாலையில் வடக்கே உம்ஹ்லாங்கா வரை போவார்கள், தெம்பு இருந்தால் உம்ட்லோட்டி வரை. போகும்போது வடகிழக்குக் காற்று முகத்தில் அறைந்தால் வருத்தப்படாதீர்கள், திரும்பும்போது அதுவே முதுகில் கைவைத்துத் தள்ளும். நடுவில் காற்று திசை மாறிவிட்டால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது.

கூட்டமாகப் போகும்போது என்னமோ கத்திக்கொண்டே போகிறீர்களே, அது என்ன?

முன்னால் போகிறவருக்குத்தான் சாலை தெரியும். பின்னால் வருகிறவருக்குத் தெரிவது இன்னொருவர் முதுகு. அதனால் முன்னவர் கண்ணில் பட்டதை வாய்வழியாகப் பின்னுக்குக் கடத்த வேண்டும். இங்கே மற்றக் குழுக்கள் ஆங்கிலத்தில் கத்துவார்கள், நாங்கள் தமிழில். மொத்தம் எட்டுச் சொல்: வண்டி, பள்ளம், கண்ணாடி, மெதுவா, நில்லு, இடது, ஒத்தை, ரோபோ. கண்ணாடி என்றால் உடைந்த பாட்டில் சில்லு. ஒத்தை என்றால் ஒருவர் பின் ஒருவராக வரிசைக்கு வா என்று பொருள். ரோபோ தமிழா என்று கேட்காதீர்கள். இந்த நாட்டில் போக்குவரத்து விளக்குக்கு அதுதான் பெயர், என் மாமியார்கூட ஊரிலிருந்து வந்த இரண்டாம் வாரமே 'ரோபோ பச்சை விழுந்துடுச்சு' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

முதலில் பள்ளத்துக்குக் 'குழி' என்றுதான் வைத்திருந்தோம். சின்னச் சொல், வேகமாக வரும் என்று நான்தான் யோசனை சொன்னேன். இங்கே பிறந்து வளர்ந்த பையன்களுக்கு ழகரம் வரவில்லை. 'குளி' என்றார்கள். காலை ஐந்தரை மணிக்கு முப்பது பேரைப் பார்த்துக் குளி, குளி என்று கத்தினால் சிரிப்பு வரத்தானே செய்யும்? சிரித்தோம், விட்டுவிட்டோம்.

ஒரு நாள் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் முன்னால் போய்க்கொண்டிருந்தான். பெரிய பள்ளம் ஒன்றைக் கண்டதும், எல்லோருக்கும் கேட்க வேண்டுமே என்று முதலெழுத்தை நன்றாக நீட்டினான். அது 'கூலீ' என்று வந்து விழுந்தது. பின்னால் வந்த எழுபது வயதுத் தாத்தா பிரேக்கைப் பிடித்து நின்றுவிட்டார். தமிழ்நாட்டிலிருந்து வந்த எனக்குக் கூலி என்றால் உழைப்புக்குக் கிடைக்கும் பணம். இந்த நாட்டில் அது இந்தியரைத் திட்டும் வசைச்சொல். வக்கீலாக வந்த காந்தியையே கூலி பாரிஸ்டர் என்றுதான் அழைத்தார்கள்.

தாத்தா பையனைக் கோபிக்கவில்லை. தேநீர் குடிக்கும்போது தானாகச் சொன்னார். அவர் சிறுவனாக இருந்தபோது டர்பன் கடற்கரை இனவாரியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தது, 1980களின் இறுதிவரை அந்தப் பிரிவினை இருந்தது. இந்தியருக்கென்று ஒதுக்கிய துண்டு மணலுக்கு நடந்து போகும்போது காரிலிருந்து அந்தச் சொல்லை எறிவார்களாம். 'இப்ப நாம சைக்கிள் விடுற பாதைதான்' என்றார். பையன் தன் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரத்திலிருந்து குழி போய்ப் பள்ளம் வந்தது. ளகரம் யாருக்கும் தடையில்லை. பையன் விடவில்லை, அன்றிலிருந்து ழகரம் பழகுகிறான். வாழைப்பழம் என்று சொல்லச் சொன்னால் இப்போது பத்துக்கு ஏழு முறை சரியாக வருகிறது.

தமிழ் தெரியாதவர்கள் சேரலாமா?

இதைப் படித்துக்கொண்டிருக்கிற நீங்கள் கேட்க மாட்டீர்கள், உங்கள் மகன் கேட்பான். சேரலாம். மேலே உள்ள எட்டுச் சொல் போதும். எங்களோடு வரும் ஜூலு நண்பர் ஒருவர் 'நில்லு' என்று சொல்லும் அதட்டலில் தெருவே நின்றுவிடும்.

வாழைப்பழம் என்றதும் ஞாபகம் வந்தது. குரங்குத் தொல்லை உண்டா?

உண்டு. கறுப்பு மூஞ்சி, சாம்பல் உடம்பு, கொஞ்சமும் பயம் கிடையாது. ஹேண்டில்பார் பையில் பழம் வைத்துவிட்டு ஜிப்பைத் திறந்து போட்டால் உங்கள் பழம் உங்களுடையது இல்லை. சிரித்துப் பல்லைக் காட்டாதீர்கள், அது சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஹெல்மெட் கட்டாயம். பிள்ளைகளுக்கும்தான். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும், இன்னொரு சைக்கிளை முந்தும்போது மட்டும் விலக்கு. இருவர் தோளோடு தோள் பேசிக்கொண்டே போவது இன்பம்தான், ஆனால் சட்டம் ஒத்துக்கொள்ளாது, எம்4இல் வரும் லாரிக்காரரும் ஒத்துக்கொள்ள மாட்டார். ஒரு கையாவது ஹேண்டில்பாரில் இருக்க வேண்டும். ஓடுகிற வண்டியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு மேடேறுவது குற்றம், நம் ஊரில் டிராக்டரைப் பிடித்துக்கொண்டு போன வீரமெல்லாம் இங்கே வேண்டாம்.

திருட்டு, வழிப்பறி பற்றிக் கேள்விப்படுகிறோமே?

பூசி மெழுக விரும்பவில்லை. சைக்கிளுக்காகவும் போனுக்காகவும் ஆளை மறிப்பது நடக்கிறது. அதனால்தான் கூட்டமாகப் போகிறோம். இருட்டில் தனியாக ப்ளூ லகூனுக்கு வந்து காத்திருக்காதீர்கள். ஒரே பேட்டையிலிருந்து வருகிறவர்கள் பேசிவைத்துக்கொண்டு ஒரு காரில் இரண்டு சைக்கிளாக வாருங்கள். யாராவது மறித்தால் சைக்கிளைக் கொடுத்துவிடுங்கள், வீம்பு வேண்டாம். கைப்பேசியிலிருந்து 112, போலீஸுக்கு 10111, ஆம்புலன்ஸுக்கு 10177. இரத்த வகையையும் வீட்டு எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி ஹெல்மெட்டுக்குள் ஒட்டிவைப்பது எங்கள் வழக்கம்.

பஞ்சர் ஆனால்?

டியூப் ஒன்று, டயர் நெம்பி இரண்டு, சின்ன பம்ப் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். மாற்றத் தெரியாவிட்டால் பரவாயில்லை, சொல்லித் தருவோம். செய்து தர மாட்டோம், சொல்லித்தான் தருவோம்.

இங்கே பஞ்சருக்குக் காரணம் ஆணி என்று நினைப்பீர்கள். அதைவிடப் பெரிய எதிரி கம்பி. துறைமுகத்துக்குப் போகும் கனரக லாரிகளின் டயர் வெடித்தால், அதற்குள் இருக்கும் எஃகு இழைகள் பிய்ந்து சாலை ஓரமெல்லாம் சிதறிக் கிடக்கும். மயிரிழை கனம்தான். டயரைக் குத்திக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. புது டியூப் போட்டதும் அடுத்த பஞ்சர். அதனால் டயரின் உட்புறத்தைப் பஞ்சோ கைக்குட்டையோ வைத்து ஒரு சுற்றுத் தடவுங்கள். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே இருக்கிறது கம்பி. வெறும் விரலால் தடவாதீர்கள், என் ஆள்காட்டி விரலில் தழும்பு இருக்கிறது.

கடற்காற்றில் செயின் துருப்பிடிக்கும். வந்ததும் துடைத்து எண்ணெய் போடுங்கள்.

பெண்கள் வருகிறார்களா?

மூன்றில் ஒருவர் பெண். சனிக்கிழமை மாலை புதிதாகப் பழகுகிறவர்களுக்குத் தனி வகுப்பு உண்டு, அதை நடத்துவது ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை. நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்கிறோம், அவர் எங்கள் எல்லோரையும் 'பொய்' என்கிறார். இந்த ஊர்ப் பேச்சில் ஆங்கிலப் 'பாய்' அப்படித்தான் ஒலிக்கும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சாட்ஸ்வொர்த் அம்மா ஒருவர் ஐம்பத்திரண்டு வயதில் பழக வந்தார். அண்ணன்மார் மூவருக்கும் அப்பா சைக்கிள் வாங்கிக் கொடுத்திருக்கிறார், இவருக்குத் தையல் மிஷின். அக்கா முதல் நாள் பெடலையே கழற்றிவிட்டார். சீட்டைத் தணித்து, இரண்டு காலாலும் தரையை உந்தி உந்தி உருண்டு வரச் சொன்னார். சமநிலை வந்த பிறகுதான் பெடல். மூன்றாவது சனிக்கிழமை அவர் இடுப்பில் ஒரு துண்டைச் சுற்றி, அதன் முனையைப் பிடித்தபடி அக்கா பக்கத்திலேயே ஓடினார். பாதி மைதானம் போனதும் துண்டு அக்காவின் கையில் இல்லை, அம்மாவின் இடுப்பிலிருந்து வாலாட்டிக்கொண்டு போனது. திரும்பத் தெரியாததால் நேராகப் போய் வேலியில் சாய்ந்து நின்று 'இன்னொரு தடவை' என்றார்.

சேலையில் ஓட்டலாமா என்று கேட்கிறார்கள். செயினுக்கு மூடி இருந்தால் முடியும், இல்லாவிட்டால் சல்வார், டிராக் பேண்ட்.

காவடி, விரத நாட்களில் என்ன செய்வீர்கள்?

தைப்பூசம் இங்கே கொதிக்கும் வெயிலில் வரும். பத்து நாள் விரதம் இருக்கிறவர்கள் ஓட்ட வந்தால் நடைபாதையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வோம். காவடியன்று சைக்கிள் கிடையாது, கோயிலில் தண்ணீர் ஊற்றுவதும் வண்டி நிறுத்த வழி காட்டுவதும்தான் வேலை. உம்பிலோ ஆற்றங்கரையில் 1875இல் எழுந்த அம்பலவாணர் கோயிலை 1905 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு 1947இல் கேட்டோ மேனரில் இப்போதைய கோயிலைக் கட்டினார்கள். பழைய கோயிலிலிருந்து காப்பாற்றிய கதவுகள் இன்றும் அங்கே இருக்கின்றன, போனால் தொட்டுப் பாருங்கள்.

ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ். அந்த ஞாயிறுகளில் பயணமே கூழ் ஊற்றும் கோயிலில்தான் முடியும். சைக்கிள் விட்டு வந்த வயிற்றில் புளித்த கூழ் இறங்கும் சுகத்தை எழுத எனக்குத் தெரியாது.

மற்ற நாட்களில் சாப்பாடு?

பன்னி சௌ. கால் ரொட்டியின் நடுவைக் குடைந்து அவரைக்கொட்டைக் குழம்பை ஊற்றித் தருவார்கள், தோண்டிய பஞ்சை மேலே மூடியாக வைப்பார்கள். கையால்தான் சாப்பிட வேண்டும். ஓரத்தை முதலில் பிய்த்தால் குழம்பு உடைந்து மடியில் கொட்டும், மேலிருந்து இறங்கி வாருங்கள். மட்டன் வேண்டுமென்பவர்கள் தனி வரிசை. சாப்பிட்ட பிறகு யாரும் வேகமாக ஓட்டியதாகச் சரித்திரம் இல்லை.

அமாஷோவாவுக்குத் தயார்செய்வீர்களா?

அக்டோபரில் நடக்கும் பெரிய சைக்கிள் ஓட்டம், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை 106 கிலோமீட்டர். ஜூலுப் பேச்சில் ஷோவா என்றால் மிதி, தள்ளு. மலையிலிருந்து கடலுக்கு இறங்குவதுதானே, சும்மா உட்கார்ந்திருந்தால் வந்து சேர்ந்துவிடலாம் என்று நானும் நினைத்தேன். அம்லாஸ் ரோடு பக்கம் கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கும் மேலான உயரத்துக்கு ஏற வேண்டும், அப்புறம் இன்சாங்கா ஏற்றம் வரும். அங்கே என் முழங்கால் இரண்டும் என்னிடம் ராஜினாமா கொடுத்தன. முழு தூரம் வேண்டாமென்றால் நடுவழியில் தொடங்கும் குறைந்த தூர ஓட்டங்களும் உண்டு. ஜூலையிலிருந்தே பயிற்சி தொடங்குவோம்.

கேப்டவுன் ஓட்டத்துக்கும் சிலர் போவார்கள். 1978இல் தொடங்கியது, 109 கிலோமீட்டர். 2017இல் போனவர்கள் ஓட்டவே இல்லை. காற்று சைக்கிளோடு ஆளையும் தூக்கி அடித்ததால் அன்று ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள். விமானச் செலவை நினைத்து இன்றும் புலம்புகிறார் ஒருவர்.

சைக்கிள் விடுவதைத் தவிர வேறு என்ன செய்கிறீர்கள்?

நவம்பர் 16ஐ ஒட்டிய ஞாயிறன்று துறைமுக வாய் வரை போவோம். 1860இல் அந்தத் தேதியில்தான் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் 342 பேரோடு ட்ரூரோ கப்பல் இங்கே வந்தது. ஒப்பந்தத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துப் பதிவேட்டில் எழுதினார்கள். எங்கள் குழுவில் ஒருவர் தன் கொள்ளுத்தாத்தாவின் எண்ணைக் கண்டுபிடித்து, வட ஆற்காடு என்று ஊர்ப் பக்கமும் தெரிந்துகொண்டார். அந்த எண்ணைத் தன் சைக்கிள் சட்டத்தில் வெள்ளை மையால் எழுதியிருக்கிறார். கப்பல் உள்ளே வரும் இடத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு பிளாஸ்க் காப்பி குடிப்போம். பேச்சு, மாலை எதுவும் கிடையாது.

செப்டம்பர் 24 பாரம்பரிய தினத்தன்று இனாண்டா பகுதிக்குப் போவோம். காந்தி 1904இல் தொடங்கிய பீனிக்ஸ் குடியிருப்பு, ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் முதல் தலைவர் ஜான் டூபேயின் ஒலாங்கே பள்ளி. அந்தப் பள்ளியில்தான் மண்டேலா 1994இல் முதல் வாக்கைப் போட்டார். மேடு அதிகம், தண்ணீர் இரண்டு பாட்டில்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட்டின் குடிநீர் நிலையம் அழிந்து, மாதக்கணக்கில் அங்கே குழாயில் தண்ணீர் இல்லை. அந்த ஞாயிறுகளில் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டுக் காரில் கேன் ஏற்றிப் போனோம்.

ஜூலை 18 மண்டேலா தினம். அவர் பொதுவாழ்வில் உழைத்த 67 ஆண்டுகளுக்காக ஆளுக்கு 67 நிமிடம் பிறருக்காகச் செலவிடுவது இந்த நாட்டு வழக்கம். நாங்கள் ஒரு பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளின் சைக்கிள்களைப் பழுது பார்ப்போம். (2015இல் இதே தேதியில்தான் தென்னாப்பிரிக்காவின் எம்டிஎன்-குபேகா அணி டூர் டி பிரான்ஸில் ஒரு கட்டத்தை வென்றது. எங்கள் ஆட்கள் டிவி முன்னால் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டினார்கள்.) போன தடவை ஒரு சிறுமியின் சைக்கிளில் இடது பெடலே இல்லை. கட்டை உடைந்துபோய் இரும்புத் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதை மிதித்து மிதித்து அவள் ரப்பர் செருப்பின் நடுவில் ஒரு வாய்க்கால் விழுந்திருந்தது. பத்து நிமிட வேலை. புதுப் பெடலில் அவள் காலை வைத்தாள், பழக்கதோஷத்தில் பாதத்தை வளைத்துக்கொண்டே மிதித்தாள். 67 நிமிடம் மாலை நான்கு மணி வரை நீண்டது.

சந்தா எவ்வளவு?

கிடையாது. தேநீர் மேசையில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும். இருக்கிறவர்கள் போடுவார்கள், வேண்டியவர்கள் டியூப் வாங்க எடுத்துக்கொள்வார்கள்.

குழுவில் சண்டையே வராதா?

வராமல்? தேர்தல் சமயத்தில் வாட்ஸ்அப் குழுவை இரண்டு வாரம் பூட்டியே வைத்தோம். வேகம் பற்றிய வழக்கு ஓயவே ஓயாது. ஒரு பக்கம் ஸ்ட்ராவா செயலியில் சராசரி வேகம் குறைகிறதே என்று அழுகிறவர்கள், இன்னொரு பக்கம் வழியில் மீன் விலை கேட்க நிற்கிறவர்கள். இப்போதைக்கு மாதத்தின் கடைசி ஞாயிறு வேகக்காரர்களுக்கு. அன்றும் வால் உண்டு.

மழை பெய்தால்?

காலை நாலரைக்குக் குழுவில் ஒரு சொல் வரும். 'வா' அல்லது 'தூங்கு'.

பழைய சைக்கிள் ஒன்று கராஜில் கிடக்கிறது. கொடுக்கலாமா?

கொடுங்கள். துருப்பிடித்திருந்தாலும் சரி, சக்கரம் கோணியிருந்தாலும் சரி. இரண்டு செத்த சைக்கிளைச் சேர்த்து ஓர் உயிருள்ள சைக்கிள் செய்ய எங்களிடம் ஆள் இருக்கிறது. ஒரே வேண்டுகோள், பூட்டியிருந்தால் சாவியையும் தேடிக் கொடுங்கள். போன மாதம் வந்த ஒரு பூட்டை அறுக்க இரண்டு ரம்பப் பட்டை உடைந்தது. அறுத்து முடித்து சைக்கிளைத் தூக்கினால், சீட்டுக்கு அடியில் டேப் போட்டு ஒட்டியிருந்தது சாவி.